பரண் மேல் முப்பத்தெட்டு பேர்

786

சென்னை
2-11-1973

அன்புள்ள கமருன்னிஸா லாத்தாவுக்குத் தம்பி ஜெக்கரியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் முடிந்து நானும் மெஹராஜும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் இன்னும் மாமி வீட்டு வட்டிலப்பத்தைப் பற்றியே பேசுகிறார்கள்.

நல விசாரிப்பு இத்தோடு போதும். பனையமேட்டில் வைத்தே கேட்டிருப்பேன். நல்ல நாளும் அதுவுமாக மெஹராஜ் முன்னால் அக்கா தம்பி சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு ரயில் ஏறினேன்.

சின்னவனின் பந்தை எடுக்கப் பரண் மேல் ஏறினேன். ஏறிப் பார்த்தால் அது வீடா, அரிசி மண்டியா? புழுங்கல் அரிசி எட்டு மூட்டை. அவல் இரண்டு மூட்டை. மண்ணெண்ணெய் டின்கள், விறகு, உப்பு, புளி, மெழுகு வைத்து அடைத்த தகர டப்பாக்கள். ஒண்டிக்கட்டையாக இருக்கிற ஒரு பொம்பளைக்கு இவ்வளவும் எதற்கு?

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்கு மறந்துவிட்டதா? பதுக்கல்காரர்கள் மேல் வருகிற பெட்டிஷன்களைப் பிரித்துப் படித்து, எங்கே ரெய்டு போகலாம் என்று குறிப்பு எழுதுகிறவன் நான். ஊரெல்லாம் அரிசிக்கு வரிசையில் நிற்கிறது. இந்த நேரத்தில் என் சொந்த வீட்டுப் பரணில் எட்டு மூட்டை இருக்கிறது என்று ஒருவன் எழுதிப் போட்டால் என் கதி என்ன? உங்கள் ரேஷன் கார்டில் இருப்பது ஒரு ஆள். சட்டத்துக்குத் தெரிந்தது அந்த ஒரு ஆள்தான்.

இன்னொன்று. இந்த அரிசியைப் பரணில் ஏற்றிக் கொடுத்தது ராஜாங்கம் என்று பேச்சுவாக்கில் நீங்களே சொன்னீர்கள். நம்முடைய பன்னிரண்டு மா நிலத்தில் தன்னைக் குத்தகைதாரன் என்று பதியச் சொல்லி மனுப் போட்டிருக்கிறானே, அதே ராஜாங்கம்! அவன் பெயர் பதிவாகிவிட்டால் அந்த நிலத்தை வாங்க எவனும் வரமாட்டான். அதை விற்றுத்தான் இங்கே ஒரு மனை வாங்கலாம் என்று இருக்கிறேன். என் வாயில் மண்ணைப் போடுகிறவனைப் பரண் வரைக்கும் விட்டிருக்கிறீர்கள்.

ஒரு மாதத்துக்கு உங்களுக்கு மட்டும் வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை இந்த வாரமே சொசைட்டியில் போட்டுவிடுங்கள்.

தம்பி,
ஜெக்கரியா


786

பனையமேடு
7-11-1973

தம்பி ஜெக்கரியாவுக்கு லாத்தா கமருன்னிஸா எழுதிக்கொள்வது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

பந்தைத் தேடி ஏறினவன் பந்தை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். டப்பாவை எல்லாம் தட்டிப் பார்த்திருக்கிறாய். ரெய்டுக்குப் போகிற புத்தி பெருநாளன்றுகூட விடவில்லை.

எதற்கு இவ்வளவு என்று கேட்கிறாய். நீ கேட்கலாமா? அம்பத்திரண்டு புயலில் உனக்குப் பதினைந்து வயசு. இந்தக் கூடத்தில்தான் பத்தாயம் நிறைய நெல் இருந்தது. வெட்டாறு உடைத்துக்கொண்டு வந்தது. நெல் ஊறி, உப்பி, பத்தாயத்துப் பலகையே வெடித்துப் போயிற்று. உரலும் அடுப்பும் தண்ணீருக்குள் கிடந்தன. கண் முன்னால் அவ்வளவு நெல்லை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தோம். மூன்றாம் நாள் நீ ஊறின பச்சை நெல்லை மென்று வாந்தி எடுத்தாய். உம்மா மடியில் படுத்து "லாத்தா, ஏதாச்சும் குடு லாத்தா" என்று அழுதாய். என் கையில் ஒன்றும் இல்லை. மெட்ராஸ் போனவனுக்கு அது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

அதனால்தான் நெல்லாக வைக்காமல் அவித்து அரைத்து அரிசியாக வைத்தேன். அடுப்பு எரியாவிட்டாலும் தின்னலாம் என்று அவல் வைத்தேன். தீப்பெட்டியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மெழுகு வைத்தேன். வண்டு வராமல் மூட்டைக்கு மூட்டை வசம்பு போட்டிருக்கிறேன், அதையும் உன் குறிப்பில் எழுதிக்கொள். கடையில் வாங்கிக் குவித்த அரிசி ஒரு மணிகூட அதில் இல்லை. நிலத்திலிருந்து எனக்கென்று வருகிற நெல்லில் நான் வாயைக் கட்டி மிச்சம் பிடித்தது. மூன்று வருசம் ஆயிற்று சேர்க்க.

இந்த ஊரில் மச்சு வைத்த வீடு, மேட்டில் இருக்கிற வீடு நம் வீடு ஒன்றுதான். தண்ணீர் வந்தால் எல்லோரும் இங்கேதான் ஏறி வருவார்கள். மீரா உசேன் வீட்டோடு சேர்த்து நம் தெருவில் பதினான்கு பேர். பள்ளத்தில் ராஜாங்கம் தெருவில் பத்தொன்பது பேர். நான் ஒருத்தி. அப்புறம் நீங்கள் நாலு பேர். நீ பிள்ளைகளோடு வந்திருக்கிற சமயத்தில் ஆறு உடைந்தால் உங்களுக்கு எங்கே போவேன்? ஆக முப்பத்தெட்டு. தண்ணீர் பத்து நாளில் வடிந்துவிடும். வயல் மூழ்கினபின் வேலையும் இல்லை, கூலியும் இல்லை, அந்தப் பசி ஒரு மாசம் நிற்கும். எட்டு மூட்டை அதிகமா என்று நீயே போட்டுப் பார்.

ராஜாங்கம் மனுப் போட்டது எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டான். "பதினோரு வருசமா உழுவுறேன்மா. நாளைக்கி உங்க தம்பி வித்துட்டாருன்னா நா எங்க போவேன்?" என்று கேட்டான். அது உங்கள் இரண்டு பேர் வழக்கு. அதில் என் பரணை இழுக்காதே.

ஒரு படிகூடச் சொசைட்டிக்குப் போகாது.

கமருன்னிஸா லாத்தா


786

சென்னை
12-11-1973

லாத்தாவுக்கு, ஸலாம்.

நீங்கள் ஊருக்கெல்லாம் உம்மாவாக இருந்துகொள்ளுங்கள். நான் என் இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா. இருபத்தொரு வருசத்துக்கு முன்னால் அடித்த புயலுக்காக இன்றைக்கு இருக்கிற வேலையை நான் விட முடியாது.

போன வாரம் எங்கள் செக்ஷனில் ஒருவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அவர் மச்சான் வீட்டில் எடுத்தது மூன்றே மூட்டை.

கடைசியாகக் கேட்கிறேன். எடுக்கிறீர்களா, இல்லையா? பதிலுக்கு உம்மாவையும் வாந்தியையும் எழுத வேண்டாம். நீங்கள் எடுக்காவிட்டால் அப்புறம் நடக்கிறதுக்கு என்மேல் குறை சொல்லாதீர்கள்.

ஜெக்கரியா


786

பனையமேடு
20-11-1973

தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்று வீம்பாக இருந்தேன். இப்போது எழுதாமல் முடியவில்லை. நேற்றுப் பகலில் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

லுஹர் தொழுது எழுந்திருக்கிறேன், வாசலில் ஜீப். பின்னால் ஒரு லாரி. தாலுகா ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர், கூடவே நம் கர்ணம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவன் நேரே சமையல்கட்டுக்குப் பின்னால் போய் ஏணியைத் தூக்கி வந்து பரணில் சாத்தினான். ஏணி அங்கே இருப்பதை நான் காட்டவில்லை. அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எட்டு மூட்டையும் இறங்கிற்று. அவல் இறங்கிற்று. மண்ணெண்ணெய் போயிற்று. "ஐயா, இது வெள்ளத்துக்கு வச்சதுய்யா" என்றேன். "கார்டுல எத்தன பேரும்மா?" என்று கேட்டான். ஒரு ஆள் என்றேன். பத்து படி அரிசியும் ஒரு தகரம் அவலும் அளந்து வைத்துவிட்டு, "ஒரு ஆளுக்கு ஒரு மாசத்துக்கு இது போதும்" என்றான். லிஸ்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். நல்லவேளை கேஸ் இல்லை என்று கர்ணம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. என் புருஷன் மௌத்தாகிக் கிடந்தபோதுகூட நான் இப்படிக் கூசி நின்றதில்லை.

ஏணி இருக்கிற இடம் யாருக்குத் தெரியும்? மூட்டையை ஏற்றினவனுக்குத் தெரியும். உன்மேல் இருக்கிற கோபத்தை என்மேல் காட்டிவிட்டான். லாரி திரும்பின கையோடு நான் பள்ளத்துக்குப் போனேன். அவன் வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தினேன். தின்ற வீட்டுக்குத் துரோகம் பண்ணினவனே என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாது. ராஜாங்கம் தலையைக் குனிந்தபடி, "நா சொல்லலம்மா" என்று மட்டும் சொன்னான். அவன் பெண்டாட்டி அம்சம்தான் பேசினாள். "அது எங்களுக்கும் சேத்து வச்சதும்மா. எங்க வவுத்துல நாங்களே மண்ணப் போட்டுக்குவமா?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. இனிமேல் என் வாசற்படி மிதிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் பேச்சைக் கேட்டிருந்தால் அரிசி சொசைட்டிக்காவது போயிருக்கும் என்று நீ சொல்லலாம். சொல்லிக்கொள். ஆனால் வானம் ஒரு வாரமாகத் திறந்தபடி இருக்கிறது. வெட்டாற்றில் தண்ணீர் கரையைத் தடவுகிறது. நீ அதே துறையில்தானே இருக்கிறாய்? யாரையாவது பிடித்துப் பாதியையாவது திருப்பித் தரச் சொல். இதுவரை உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

லாத்தா


786

சென்னை
26-11-1973

அன்புள்ள லாத்தாவுக்கு,

கடிதம் கண்டு மனசு மிகவும் கஷ்டப்பட்டது. எடுத்த சரக்கு எடுத்ததுதான். திரும்பக் கேட்க வழியில்லை. கேஸ் இல்லாமல் போனதே அல்லாஹ் செய்த உதவி என்று இருந்துகொள்ளுங்கள்.

பெட்டிஷன் போட்டது யார் என்று வெளியே சொல்லும் வழக்கம் இல்லை. அதைத் தோண்ட வேண்டாம். தாலுகா ஆபீசுக்கும் போக வேண்டாம். போனால் மூடின ஃபைலைத் திறந்துவிடுவார்கள். ராஜாங்கமாக இருக்கலாம் என்று நீங்கள் நினைப்பதில் தப்பில்லை. அவன் குணம் இப்போதாவது தெரிந்ததே. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி குத்தகை மனு விசாரணைக்கு வருகிறது. அவன் நிலத்தைத் தானே உழவில்லை, கூலி ஆள்தான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டிலேயே இருக்கிறவர், வயசானவர், உங்கள் வார்த்தையை நம்புவார்கள்.

மழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பேப்பரில் அப்படி ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
ஜெக்கரியா


786

பனையமேடு
15-12-1973

ஜெக்கரியா,

பேப்பரில் இல்லாத மழை ஐந்தாம் தேதி வெட்டாற்றுக் கரையை உடைத்தது. நீ பேப்பரில் பார்த்திருக்க மாட்டாய். பனையமேடு எந்தப் பேப்பரில் வரும்?

நம் தெருவில் பதினான்கு பேரும் மச்சுக்கு ஏறி வந்தார்கள். என்னோடு பதினைந்து. ஒரு ஆளுக்கு ஒரு மாசம் என்று உன் சட்டம் அளந்து வைத்த அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பதினைந்து பேருக்கு ஊற்றினேன். நாலு நாளில் அரிசி தீர்ந்தது. ஐந்தாம் நாள் அவல் தீர்ந்தது. பரண் காலி. மீரா உசேனின் மூன்று வயசுப் பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "ஏதாச்சும் குடு மாமி" என்றது. இருபத்தொரு வருசத்துக்கு அப்புறம் அதே வார்த்தை. அன்றைக்கும் என் கை வெறும் கை, இன்றைக்கும் வெறும் கை.

ராஜாங்கம் தெருவில் ஒருவர்கூட வரவில்லை. வாசற்படி மிதிக்காதே என்று நான் சொல்லியிருந்தேனே! பத்தொன்பது பேரும் ரயில் பாதை மேட்டில் மழையில் கிடந்தார்கள். மச்சு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். நான் கூப்பிடவில்லை. எனக்கும் ரோஷம்.

ஆறாம் நாள் காலையில் வாழைமரத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு ராஜாங்கம் வந்தான். மார்பளவு தண்ணீர். தெப்பத்தின்மேல் மண் பூசி வாய் அடைத்த பானை ஒன்று. அதில் ஆறு படி அவல். கூலி வாங்குகிற நாளெல்லாம் ஒரு ஆழாக்கு என்று அம்சம் எடுத்துவைத்தது. "அம்மாவப் பாத்துதான் இவளும் வச்சா. உங்க வீட்டுல எடுத்துட்டுப் போயிட்டாங்கள்ல, அதான் குடுத்துட்டு வரச் சொன்னா" என்றான். உள்ளே வா என்றேன். "ஈரமா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுத் தெப்பத்தைத் திருப்பிக்கொண்டான். படியில் உட்கார்ந்து அழுதேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. காட்டிக் கொடுத்தவன் ஏன் சோறு கொடுக்கிறான் என்று மண்டையைக் குடைந்தது.

விடை முந்தாநாள் கிடைத்தது. வெள்ள நிவாரணத்துக்குப் பேர் கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். நீ போகாதே என்று சொன்ன அதே இடத்துக்கு. கிளார்க் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நாற்காலி போட்டார். "உங்க தம்பி மாதிரி ஆபீசர் இப்ப எங்கம்மா இருக்காங்க? சொந்த அக்கா வீடுன்னும் பாக்காம எழுதிட்டாரே!" என்று உன்னைப் புகழ்ந்தார். நான் நம்பாமல் விழித்ததைப் பார்த்துக் கடிதத்தையே எடுத்துக் காட்டினார். உன் கையெழுத்துக்கு நான் சாட்சி தேட வேண்டியதில்லை. உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். பதினைந்தாம் தேதி போட்டிருந்தாய். "ஏணி சமையல்கட்டின் பின்புறம் சாத்தி வைக்கப்பட்டுள்ளது." "வீட்டில் வசிப்பவர் ஒரு நபர் மட்டுமே."

ஏணியைக்கூட எழுதினாயே, பாவி!

வேலைக்குப் பயந்து எழுதினாய், அதையாவது பயந்தவன் புத்தி என்று விட்டிருப்பேன். நான் ராஜாங்கத்தின் வாசலில் நின்று கத்தினதை உனக்கு எழுதினேன். அதைப் படித்துவிட்டு, "நினைப்பதில் தப்பில்லை" என்று எழுதினாயே, அதற்குக் கை எப்படி வந்தது? என் வாயால் அவனை அடித்து, என் வாயாலேயே அவன் நிலத்தையும் பிடுங்கப் பார்த்தாய். மழையில் கிடந்த அவன் தகப்பனுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. அந்தப் பாவத்தில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி.

கமருன்னிஸா


786

சென்னை
20-12-1973

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஆமாம், நான்தான் எழுதினேன். வேறு எவனாவது எழுதியிருந்தால் கேஸ் போட்டு உங்களைக் கோர்ட்டில் நிறுத்தியிருப்பார்கள். கேஸ் வேண்டாம், சரக்கை மட்டும் எடுங்கள் என்று தாலுகாவில் தெரிந்தவர் காலைப் பிடித்தவன் நான். அதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். எட்டு மூட்டையை எடுக்கச் சொல்லி எழுதுமுன் உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். நீங்கள் மசியவில்லை. வெள்ளம் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ராஜாங்கம் விஷயத்தில் நான் செய்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தை மெஹராஜ் படித்துவிட்டாள். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

நான்கு மூட்டை அரிசிக்கு இங்கே ஏற்பாடு செய்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நானே கொண்டு வருகிறேன். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இருபத்தெட்டாம் தேதி விசாரணைக்குப் போகாதீர்கள். எனக்காகச் சொல்ல வேண்டாம். அவனுக்காகவும் சொல்லாமல் வீட்டில் இருந்தால் போதும். அந்த நிலத்தை விட்டால் எங்களுக்கு வேறு எதுவும் கிடையாது.

தம்பி,
ஜெக்கரியா


786

பனையமேடு
30-12-1973

ஜெக்கரியாவுக்கு,

வெள்ளம் வரும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு எப்படித் தெரிந்தது? நான் எழுதி வேறு காட்டினேன். நீ வாந்தி என்று ஒதுக்கிவிட்டாய்.

விசாரணைக்குப் போனேன். போகுமுன் பள்ளத்துக்குப் போனேன். எந்த வாசலில் நின்று கத்தினேனோ அதே வாசலில் நின்று, அதே குரலில், "நான் சொன்னது பொய், உன்மேல பழி போட்டுட்டேன், என்னை மன்னிச்சுக்க ராஜாங்கம்" என்று தெரு கேட்கச் சொன்னேன். யார் எழுதினது என்று அம்சம் கேட்டாள். என் தம்பி என்றேன். அவள் உள்ளே போய் எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டு வந்து கொடுத்தாள். உன்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தாசில்தார் முன்னால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பதினோரு வருசமாக அந்தப் பன்னிரண்டு மாவையும் உழுதவன் ராஜாங்கம், விதைத்தவன் ராஜாங்கம், வருசம் தவறாமல் என் வீட்டில் நெல் அளந்தவன் ராஜாங்கம். கையெழுத்துப் போட்டேன். அவன் பெயர் பதிவாகிவிட்டது. உன் மனை போயிற்று. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். மெஹராஜ் ஒரு சொந்த வீட்டுக்கு ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். ஆனால் உன்னைப் போல நான் பாதியை எழுதிப் பாதியை மறைக்க மாட்டேன்.

உன் நான்கு மூட்டை வேண்டாம். அவல் மறுபடி சேர்கிறது. இந்தத் தடவை ஒரே பரணில் இல்லை. அம்சம் வீட்டில் மூன்று பானை, மீரா உசேன் வீட்டில் இரண்டு, என்னிடம் நாலு. கார்டுக்குக் கார்டு பிரித்து வைத்துவிட்டோம். இனி எந்த ஏணியை எழுதிக் கொடுப்பாய்?

யார் யாருக்குப் பங்கு என்று பேர்களைப் புதிதாக எழுதினேன். மெஹராஜும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பங்கு எப்போதும் இங்கே இருக்கும். உன் பேரை எடுத்துவிட்டேன். இப்போது முப்பத்தேழு.

பிள்ளைகளோடு நீ வந்திருக்கும்போது தண்ணீர் வந்தால் துரத்திவிடுவேனோ என்று பயப்படாதே. என் பங்கில் பாதியை உனக்குத் தருகிறேன். அதைச் சாப்பிடு.

கமருன்னிஸா